ஒரு டயருக்கு நாலு கொசுறு

திருப்பி அனுப்பிய சரக்குக்கு வாய் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் எழிலன் லாரியோடு தானும் ஏறி வந்திருந்தார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூன்று ஷட்டர் வைத்து டயர் கடை நடத்துகிறவர். கடலூர் சிப்காட்டில் பழனிவேல் நடத்தும் சின்னத் தொழிற்சாலையில் ஆட்டோ டயர் செய்கிறார்கள். அங்கே செய்கிற பத்து டயரில் நாலு எழிலன் கடை வழியாகத்தான் ரோட்டைப் பார்க்கும். அப்படி ரோட்டைப் பார்த்த டயர்களில் ஒரு லாரி நிறைய இப்போது பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது.

"இத இன்னான்னு நெனச்சி அனுப்பனீங்க? டயரா, கொழுக்கட்டையா?" எழிலன் ஒரு டயரைத் தரையில் உருட்டிவிட்டார். அது நேராகப் போகாமல் தத்தித் தத்திப் போய்ச் சுவரில் முட்டி விழுந்தது. "பாத்தீங்களா? ஆட்டோவுல குந்துறவன் தவள மேல குந்துன மாதிரி குதிச்சிக்கினு போறான். புள்ளத்தாச்சி ஏறுனா ஆஸ்பத்திரி வரைக்கும் போவ வேண்டியதில்ல, வழியிலயே காரியம் முடிஞ்சிடும்."

பழனிவேல் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற லோகநாயகிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த டயர்களுக்குப் பொறுப்பு அவள் என்பதால் அதை விழுங்கிக்கொண்டாள். உற்பத்தி முழுவதும் அவள் கையில். பதினாறு வருஷ சர்வீஸ்.

எழிலன் காபி குடித்தார், பிஸ்கட்டும் சாப்பிட்டார், ஆர்டர் மட்டும் கொடுக்காமல் போனார். லாரி கேட்டைத் தாண்டியதும் பழனிவேல் லோகநாயகியைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா ஒரு மிஷினு வேணும், மிஷினு வேணும்னு சொல்லிக்கினு இருந்தியேம்மா. வரவழைக்கறேன். கோயம்புத்தூர்க்காரன் முப்பது நாள் ட்ரையல் குடுக்கறான். அந்த முப்பது நாளுக்குள்ள எழிலன் வாயால மறுபடி ஆர்டர் வரணும். வரலன்னா மிஷினு திரும்பிப் போவும். டயர் கட்டற செக்‌ஷனையும் மூடிடுவேன். வெளியூர்ச் சரக்க எறக்கி வித்துக்கறேன். செய்யறவன விட விக்கறவன்தான் நிம்மதியாத் தூங்கறான்."

"செக்‌ஷன்ல பத்தொம்பது பேரு இருக்காங்க சார்."

"தெரியும். அதுக்குதான் முப்பது நாளு. இல்லன்னா மூணு நாளுன்னு சொல்லியிருப்பேன்."

பேரம் முடிந்தது என்பதற்கு அடையாளமாக மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

*

டயர் கட்டுவது என்பது வெளியே இருப்பவர்கள் நினைப்பது போல ரப்பரை அச்சில் ஊற்றுகிற வேலை இல்லை. சுற்றுகிற ஒரு உருளையில் ரப்பர் பூசிய கேன்வாஸ் துணியை அடுக்கடுக்காகச் சுற்றி, இரண்டு ஓரத்திலும் கம்பி வளையத்தை வைத்து மடித்து, அதற்கு மேல் ரோட்டைத் தொடும் தடித்த ரப்பர் பட்டையைச் சுற்ற வேண்டும். பட்டையின் இரண்டு நுனியும் சந்திக்கிற இடம்தான் ஜாயிண்ட். கல்யாணத்தில் சம்பந்திகள் சந்திக்கிற இடம் மாதிரி அது. கோளாறு வந்தால் அங்கேதான் வரும்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஜாயிண்டைப் போட்டுவந்தவர் சுப்புராயன். ஐம்பது வயது. கட்டைவிரல் மட்டும் இரண்டு பேருடையது போல இருக்கும். கத்தியைத் தண்ணீரில் தொட்டு, பட்டையைச் சாய்வாக அறுத்து, நுனி மேல் நுனி ஏற்றி ஒட்டி, உருட்டுக்கட்டையால் அழுத்துவார். கண்தான் அளவுகோல்.

புது மெஷின் வந்தது. அதற்குக் கண் கிடையாது, சிவப்புக் கோடாக விழும் ஒரு வெளிச்சம் இருந்தது. கோட்டில் பட்டையை வைத்தால் அதுவே அளந்து, அதுவே சாய்வாக வெட்டி, நுனியோடு நுனியைச் சரியாகச் சேர்த்து, மூன்று ஆள் பலத்தில் அழுத்திவிடும். ஒரு மயிரிழை கூடுதல் இல்லை, ஒரு மயிரிழை குறைவும் இல்லை. முதல் நாளே சுப்புராயன் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

"கறாரு" என்றார். "சரியான கறாரு. நம்ம மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுல கூட இவ்ளோ கறாரா எவனும் இருக்க மாட்டான்."

பெயர் நிலைத்துவிட்டது. காலையில் வருகிறவர்கள் "கறாரு எழுந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். வேலை வேகமாக நடந்தது. எட்டு மணி நேரத்தில் அறுபது டயர் கட்டிய இடத்தில் தொண்ணூறு கட்டினார்கள். லோகநாயகி பத்து நாள் பெருமையாக நடந்தாள்.

பதினொன்றாவது நாள்தான் அவள் கணக்கை விரித்துப் பார்த்தாள். வெந்த டயரை ஒரு சக்கரத்தில் மாட்டிச் சுழற்றி, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. முன்பு நூறு டயரில் ஏழு அதில் தேறாமல் போகும். இப்போது எட்டு. சீர்கெட்ட டயரை முன்னைவிட வேகமாகச் செய்து குவிக்கிறார்கள், அவ்வளவுதான் மாறியிருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் இரண்டு நாள் தங்கி, மெஷினைக் கழற்றி, மாட்டி, முட்டை பிரியாணி சாப்பிட்டு, "மெஷின்ல ஒரு தப்பும் இல்லீங்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இருபது நாள் போய்விட்டது.

*

லோகநாயகியின் அப்பா முதுநகரில் கருவாட்டு மண்டி வைத்திருந்தவர். டிப்ளமோ படித்த கல்லூரியில் ரப்பரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள், எடையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது மண்டிதான். எடை கூடினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். குறைந்தாலும் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எடை தானாக எதையும் செய்வதில்லை.

இருபத்தோராம் நாள் காலையில் அவள் ஒரு தராசை இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். கணக்குப்படி டயர் மூன்று கிலோ இருக்க வேண்டும். முதல் டயர் மூன்று கிலோ இருநூறு. அடுத்தது மூன்று நூற்று அறுபது. அதற்கடுத்தது மூன்று இருநூற்று நாற்பது. இருபது டயர் வைத்தாள். ஒன்றுகூட மூன்று கிலோவில் நிற்கவில்லை, ஒன்றைப் போல இன்னொன்றும் இல்லை.

கறாருக்குப் பின்னால் ரப்பர் பட்டைகள் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று நின்றது. அதன் மறைவில் போய் நின்றுகொண்டாள். நாற்பத்தொரு வயதில் ஒளிந்து பார்க்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது.

கறாரு தன் வேலையை முடித்து நின்றது. சுப்புராயன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு விரல் அகல ரப்பர் நாடாவை எடுத்தார். அழகாகச் சேர்ந்திருந்த ஜாயிண்டின் மேல் அதை ஒட்டி, கட்டைவிரலால் நீவி, உருட்டுக்கட்டையால் ஓரத்தை மறைத்து, டயரைக் கழற்றி வைத்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி.

"இன்னாண்ணே அது?"

சுப்புராயன் திடுக்கிட்டார். ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகமாக அது இல்லை. தானம் செய்யும்போது பிறர் பார்த்துவிட்டால் வருமே, அந்தக் கூச்சம்தான் இருந்தது.

"கொசுறு மேடம்."

"கொசுறா?"

"கறாரு அளந்துதான வெக்குது? அளந்து வெக்கற எடத்துல ஒரு விரலு சேத்து வெக்கறதுதான் மனுஷன் வேல. கீரக்காரி கூட ஒரு கொத்து கொத்தமல்லி போடறா. மிஷினு கஞ்சத்தனம் பண்ணுதுன்னு நாமளும் பண்ண முடியுமா?"

"எத்தினி நாளா வெக்கறீங்க?"

"வந்த மொத நாள்லேர்ந்து. நான் ஒருத்தன்தான் வெக்கறேன், மத்தவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரு விரலு. அதுல இன்னா ஆயிடப் போவுது?"

லோகநாயகி அந்த நாடாவை எடுத்துத் தராசில் வைத்தாள். எழுபது கிராம். டயரில் இருக்கும் கூடுதலோ இருநூறு. மீதிக் கணக்கு எங்கே?

பட்டையைப் பிழிந்து தள்ளும் மெஷினில் இருந்தவள் பிரிசில்லா. லோகநாயகி கேட்டதும் அவளுக்குக் காது மடல் வரை சிவந்தது. "அரை நூலு தடிப்பா உடறேன் மேடம். யார் கிட்டயும் சொல்லாதீங்க. சுப்பண்ணன் இப்ப மிஷினுல போடறாரு, ஜாயிண்டு மேல ஏத்தறதில்ல. பட்டயாவது கொஞ்சம் கெட்டியா இருக்கட்டுமேன்னு…"

கலவை போடுகிற கதிர்வேல் தொண்டையைச் செருமினான். "அந்தப் புது மிஷினு வேகமா இழுக்குது. அதான் ரப்பரு கெட்டியா நிக்கட்டும்னு கருப்புப் பொடி ஒரு பிடி ஜாஸ்தியாப் போட்டுடறது."

கடைசியாக அன்புமணி. கட்டிய டயரை அச்சில் வைத்து நீராவியில் வேக வைக்கும் பிரஸ் அவன் பொறுப்பு. அவனுக்குப் பெருமையே தவிரக் கூச்சம் கிடையாது. "ஒண்ணரை நிமிசம் சேத்து உடறேன் மேடம். எனக்கு இன்னா, நின்னுட்டுப் போறேன். நல்லா வேவட்டும்."

லோகநாயகி ஒரு காலி டப்பா மேல் உட்கார்ந்துவிட்டாள். யாரும் திருடவில்லை. யாரும் ஏய்க்கவில்லை. சம்பளத்துக்கு மேல் ஆளுக்கொரு பங்கு வேலையைத் தங்கள் கையிலிருந்து போட்டிருக்கிறார்கள். ஒரு குழம்புக்கு நாலு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உப்புப் போட்டால் எப்படி இருக்கும்? கறாரு வருவதற்கு முன், ஜாயிண்டில் சுப்புராயன் ஒருவர் ஏற்றிய உப்புக்கே எழிலன் ஒரு லாரி நிறையத் திருப்பி அனுப்பியிருந்தார்.

*

டீ நேரத்தில் நாலு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து விஷயத்தைப் போட்டுடைத்தாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஏம் பிரிசில்லா, நீ தடிப்பா உடறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஒட்டியிருப்பனா?"

"நீங்க ஒட்டறீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? மேசைக்கு அடியில ஒளிச்சி வெச்சிக்கினு!"

"அதனாலதான் வேகவே மாட்டேங்குதா?" என்றான் அன்புமணி. "நான் எங்கப்பன் பிரஸ்ஸுல ஆவி கொறஞ்சி போச்சின்னு நெனச்சேன்."

"உங்கப்பன் பிரஸ்ஸா அது?"

லோகநாயகி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னாள். "தடிச்ச எடம் சூடேறும். சூடேறுன எடம்தான் மொதல்ல போவும். நாளைக்கு ஒரு நாளு யாரும் எதையும் சேக்காம டயர் கட்டலாம்."

மூன்று பேர் தலையாட்டினார்கள். சுப்புராயன் ஆட்டவில்லை.

"நான் மாட்டேன் மேடம்." குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "மொத வருஷம் நானும் ஒழுங்கா நுனியோட நுனி வெச்சித்தான் ஒட்டனேன். ஒரு டயரு ஜாயிண்டு பிரிஞ்சி திரும்பி வந்துது. வண்டிக்காரனுக்குக் காலு போச்சி. அந்த டயர நான் கையில வாங்கிப் பாத்தேன். அன்னிலேர்ந்து ஒரு விரலு. ரோட்ல போறவன் பாவம் எனக்கு வாணாம்."

அவளுக்கு இது தெரியாது. பதினாறு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் தெரியாது.

"கத்தியால வெட்டன காலத்துக்கு உங்க விரலு சரிண்ணே" என்றாள். "கண்ணு பாத்து வெட்டறதுல கோணல் வரும், அத அந்த விரலு காப்பாத்துச்சி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது கோணலா வெட்டாது."

"அது உங்க கம்ப்யூட்டர் சொல்லுது."

"சரி, கம்ப்யூட்டர் வாணாம். ரோடு சொல்லட்டும். கேக்கறீங்களா?"

சுப்புராயன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வியாபாரம் படியப் போகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் எதுவும் கிடையாது என்பதை லோகநாயகி மண்டியிலேயே கற்றிருந்தாள்.

"உங்க மச்சான் இளவரசு லோடு ஆட்டோ ஓட்டறாரு இல்ல? பின்னாடி ரெண்டு சக்கரம். ஒண்ணுல நாலு பேரு கொசுறும் சேந்த டயரு. ஒண்ணுல எதுவும் சேக்காத டயரு. முழு லோடு ஏத்திக்கினு சிதம்பரம் போவோம். எழிலன் கட வாசல்ல போய் நிப்போம். நீங்களும் வரணும். சேக்காத டயரு ஜாயிண்டுல ஒரு கீறல் உழுந்தாலும், மிஷின ஏத்தி அனுப்பச் சொல்லி மொதலாளி கிட்ட நானே சொல்றேன்."

"எழிலன் கட வாசல்லயா?" பிரிசில்லா வாயைப் பொத்திக்கொண்டாள். "நம்ம மானம் போறதுக்கு நாப்பது கிலோமீட்டர் போவணுமா மேடம்?"

*

இருபத்தாறாம் நாள். கத்திரி வெயில். இளவரசின் லோடு ஆட்டோவில் பண்ருட்டிப் பலாப்பழம் மலை மாதிரி ஏறியிருந்தது. எப்படியும் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிற சரக்குதான். புது டயர்களை மாட்டி ஜாக்கியிலிருந்து வண்டியை இறக்கும்போதே இளவரசு முறைத்தார்.

"மாமா, ரெண்டு டயருல எது நீ கட்டுனது?"

"ரெண்டும் நான்தான்."

"எது நல்லது?"

"அது தெரிஞ்சா உன்ன ஏன் கூப்புடறோம்?"

சுப்புராயன் இடது பக்க டயரின் உட்புறம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அதுதான் நாலு கொசுறும் வாங்கிய டயர். இளவரசுக்கு அது தெரியாது, சொல்லவும் கூடாது என்று லோகநாயகி சத்தியம் வாங்கியிருந்தாள். எதுவும் சேர்க்காத டயர் இன்னொன்றையும் மாதிரிக்காக மடியில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டில் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்னால் பலா வாசனை, பக்கத்தில் சுப்புராயனின் வாய் வெற்றிலை.

ஆலப்பாக்கம் தாண்டும்போதே இளவரசு முணுமுணுக்கத் தொடங்கினார். "இடது பக்கம் குத்துதுய்யா. கல்லு எதுனா மாட்டிக்கிச்சா?"

சுப்புராயன் ரோட்டையே பார்த்தார்.

புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். லோகநாயகி இறங்கியதும் சொன்னாள். "ரெண்டு சக்கரத்தயும் கழட்டிப் பக்கம் மாத்தி மாட்டுங்க."

"இன்னாத்துக்கு?"

"ரோடு இடது பக்கம் சரிவா இருக்கு, அதனாலதான் அப்படின்னு சிதம்பரத்துல ஒரு ஆள் சொல்லுவாரு. அவரு வாயில வர்றதுக்கு முன்னாடி நாம செஞ்சிடணும்."

இளவரசு புலம்பிக்கொண்டே மாற்றினார். பி.முட்லூர் பாலத்தில் ஏறும்போது அவரே வண்டியை மெதுவாக்கினார். "மாமா, இப்ப வலது பக்கம் குத்துது."

சுப்புராயன் வெற்றிலையை வெளியே துப்பினார். அவர் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலின் மேல் மெதுவாக நீவிக்கொண்டிருந்தது.

*

எழிலன் கடை வாசலில் வெயில் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் லோகநாயகியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த டயரைப் பார்த்தார், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வாம்மா. நல்ல டயரு போட்டுக்கினுதான் வந்தியா, இல்ல உங்க டயருலயேவா?"

"எங்க டயருலதான். எலும்பு எல்லாம் சரியா இருக்கு பாருங்க."

அவர் கையை நீட்டி மாதிரி டயரை வாங்கினார். சிதம்பரத்தில் டயர் வாங்குகிறவர் யாரும் முதலில் அதைப் பார்ப்பதில்லை. தூக்கிப் பார்ப்பார்கள். பூசணிக்காய் வாங்குகிற மாதிரிதான். எழிலன் இரண்டு முறை தூக்கினார். புருவம் ஏறியது.

"இன்னா பூ மாதிரி இருக்கு? முன்ன கையில கனமா நிக்கும். ரப்பர்ல கை வெச்சிட்டாரா பழனிவேல்?"

"முன்ன இருந்தது கனம் இல்லீங்க, கட்டி."

"கஸ்டமரு தூக்கிப் பாப்பான்மா. நீ மேட்டுல நின்னு பேசுவ, நான் கடையில நின்னு விக்கணும். எடை கொறஞ்சா வெலயும் கொறயணும், அதான் நாயம்."

இதை அவள் எதிர்பார்த்தாள். ஆனாலும் மனசு நாள் கணக்குப் போட்டது. இன்னும் நாலு நாள். "வெலயப் பத்தி அப்பறம் பேசுவோம். மொதல்ல வெளிய வந்து ஒரு நிமிசம் கைய வையுங்க."

எழிலன் வந்தார். இளவரசு வண்டியை நிழலில் நிறுத்தியிருந்தார். லோகநாயகி எதுவும் சொல்லாமல் இடது பக்க டயரைக் காட்டினாள். எழிலன் குனிந்து உள்ளங்கையை வைத்து, ஒரு சுற்று தடவினார். கதகதப்பாக இருந்தது. வலது பக்கம் போனார். பாதிச் சுற்றில் "அம்மாடி!" என்று கையை உதறினார்.

"ஏன்யா, இங்க மட்டும் தோசக்கல்லு மாதிரி சுடுது?"

"ஒரே வண்டி, ஒரே லோடு, பாதி வழியில பக்கமும் மாத்தியாச்சி" என்றாள் லோகநாயகி.

எழிலன் இப்போது அவளைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்ற சுப்புராயனைப் பார்த்தார். மெஷினை அவர் நம்பமாட்டார். மேனேஜரை அறவே நம்பமாட்டார். கட்டைவிரலைப் பார்த்தே இவன் யார் என்று தெரிந்துகொண்டிருந்தார்.

"நீதானய்யா கட்டறவன்? நீ சொல்லு. ரெண்டுல எது உன் கை பட்டது?"

சுப்புராயன் நினைத்தால் ஒரு வார்த்தையில் கதையைத் திருப்பிவிடலாம். சுடுகிற டயர் மெஷின் செய்தது என்று சொன்னால் போதும். லோகநாயகியால் அங்கே மறுக்கக்கூட முடியாது.

"சுடறதுதான் என் கை பட்டது" என்றார் சுப்புராயன். "அந்தச் சூடு இருக்கற எடம் இருக்கே, அங்கதான் நான் ஒரு விரலு ரப்பரு சேத்து வெச்சேன். நல்லதுன்னு நெனச்சி வெச்சேன். இருபது வருஷமா. இந்தப் பக்கம் இருக்கறது மிஷினு சேத்த ஜாயிண்டு. நான் கூட வர்றப்ப வழியெல்லாம் அது பிரிஞ்சிடும் பிரிஞ்சிடும்னு பாத்துக்கினே வந்தேன். பிரியல."

எழிலன் அந்த இடது டயரின் பக்கத்தில் குந்தினார். ஜாயிண்ட் எங்கே இருக்கிறது என்று தேடினார். சுப்புராயனும் வந்து குந்தினார். இரண்டு பேரும் பலாப்பழ ஈ மொய்க்க, தலையோடு தலை முட்டித் தேடினார்கள்.

"எங்கய்யா அது?"

"எனக்கே கண்டுபிடிக்கத் தெரியலயே."

எழிலன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "தன் கைவேல சரியில்லன்னு சொல்ற வேலக்காரன நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று கடைக்குள் நடந்தார். "உள்ள வாங்க. அம்பது அனுப்புங்க, பாக்கலாம்."

"இருநூறு" என்றாள் லோகநாயகி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"போன லாரிய மறந்துட்டியா?"

"மறந்தா இந்த வெயில்ல வருவனா?"

மோர் வந்தது. அரை மணி நேரம் போனது. எழிலன் எழுபத்தைந்துக்கு ஏறினார், லோகநாயகி நூற்றெண்பதுக்கு இறங்கினாள். நூற்றிருபதில் இரண்டு பேரும் இளைப்பாறினார்கள். விலை பழைய விலை. ஒரு டயர் தத்தினாலும் நூற்றிருபதும் திரும்பி வரும் என்பது அவர் நிபந்தனை. கனம் பார்க்கிற கஸ்டமரிடம் காட்ட, சூடான டயரையும் ஆறின டயரையும் அறுத்த துண்டுகள் இரண்டு அனுப்பவேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இரண்டாவதைக் கேட்டபோதுதான் லோகநாயகிக்கு நிஜமாகவே நம்பிக்கை வந்தது. விற்கப்போகிறவன்தான் அப்படிக் கேட்பான்.

அவள் பழனிவேலுக்குப் போன் போட்டு, பேசாமல் எழிலன் கையில் கொடுத்தாள். வாயால் வரவேண்டும் என்பதுதானே பேச்சு.

"பழனிவேலு, நூத்தி இருவது அனுப்புய்யா… ஆமா, நான்தான்… எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. அந்த மிஷின வெச்சிக்க. அத ஓட்டறவனயும் வெச்சிக்க."

வெளியே வந்தபோது இளவரசு வண்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றார். பலாப்பழத்தை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தார்.

"நான் இந்த டயரோட கடலூரு திரும்ப மாட்டேன். பொழச்சி வந்ததே பெரிசு. மாத்திக் குடுங்க."

"வெறும் வண்டிதான மச்சான், போ" என்றார் சுப்புராயன்.

"நீ கட்டுனதுன்னு வாசல்ல நின்னு சொன்னது நீதான? காதுல உழுந்துச்சி."

லோகநாயகி கடைக்குள் திரும்பினாள். மாதிரிக்குக் கொண்டுவந்த டயர் ஏற்கெனவே முன் வரிசைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. எழிலன் அதற்கு விலைச் சீட்டும் ஒட்டிவிட்டிருந்தார்.

"அண்ணே, அத கொஞ்சம் குடுங்க. நாளைக்கு வேற அனுப்பறேன்."

"மாதிரிக்குன்னு குடுத்தது எப்ப கடைக்குள்ள வந்துச்சோ, அப்பவே அது சரக்காயிடுச்சிம்மா."

"எங்க டயருண்ணே அது!"

"இருந்துச்சி. சீட்டப் பாரு, என்ன வெலன்னு."

சீட்டைப் பார்த்த லோகநாயகி அதை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். தன் தொழிற்சாலை டயர் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பதை அவள் இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பிறகு முந்தானையை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு பேரத்தில் இறங்கினாள். எழிலன் இருபது ரூபாய் குறைத்தார். அதற்கு மேல் அசையவில்லை. "ஜாயிண்டு எங்கன்னு தெரியாத டயரு, இதுக்கு மேல கொறைக்க எனக்கு மனசு வரல" என்றார்.

சுப்புராயன் தானே நட்டுகளைக் கழற்றிப் புது டயரை மாட்டினார். எழிலன் பில் புத்தகத்தைப் புரட்டிப் பேனாவைத் திறந்தார்.

"எந்தப் பேருக்குப் போடட்டும்?"

"பழனிவேல் பேருக்கே போடுங்க" என்றாள் லோகநாயகி, பர்ஸைத் திறந்துகொண்டே. "கறாரு கட்டுன டயர மொத மொதல்ல காசு குடுத்து வாங்குனது யாருன்னு அவருக்கும் தெரியட்டும்."